ஆடலைப் பாடமாக்கிய அம்மையார் ருக்மிணி தேவி அருண்டேல்

இறைவனையே ஆடல்வல்லானாகக் கண்டு தொழுத இனம் தமிழினம். தில்லையம்பலத்தில் தூக்கிய திருவடியோடு நிற்கும் கூத்தப்பிரான், ஆடலும் ஒரு வழிபாடே என்பதை உலகிற்கு உணர்த்தி நிற்கின்றான். சிதம்பரத்தின் கோபுர வாயில்களில் 108 கரணங்கள் கல்லில் வடிக்கப்பட்டுள்ளன. ஆலயத்தையும் ஆடலையும் பிரித்துப் பார்த்தல் தமிழர்தம் முன்னோர்க்கு இயலாத ஒன்று.

இன்று மலேசியத் திருக்கோயில்களில் நவராத்திரி இரவிலும் ஆண்டுத் திருவிழாவிலும் சலங்கை கட்டிய சிறுமியர் மேடையேறி அலாரிப்பு ஆடுவது இயல்பான காட்சி. பெற்றோர் பெருமிதத்தோடு முன்வரிசையில் அமர்ந்து கண்டு களிக்கின்றனர். ஆனால், நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இக்காட்சியை எண்ணியும் பார்த்திருக்க இயலாது. குடும்பப் பெண்கள் ஆடுவது இழிவென்று கருதப்பட்ட காலம் அது. அந்தத் தடையை மீறித் தாமே மேடையேறியதோடு நில்லாமல், ஆடலைப் பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் முறையாகக் கற்கத்தக்க ஒரு கல்வியாகவே ஆக்கிக் காட்டியவர் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார்.

பிறப்பும் குடும்பமும்

அம்மையார் 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் மதுரை மாநகரில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரியார் பொதுப்பணித் துறையில் பொறியாளர். வடமொழிப் புலமை மிக்கவர். தாயார் சேஷம்மாள் திருவையாற்றைச் சேர்ந்தவர். இசையில் ஈடுபாடு கொண்டவர். தியாகராச சுவாமிகள் வாழ்ந்த ஊரின் இசைமணம் தாயின் வழியே மகளுக்கும் வந்து சேர்ந்தது.

அன்னி பெசன்ட் அம்மையாரின் கருத்துகளால் ஈர்க்கப்பட்ட தந்தையார், பணி ஓய்வுக்குப் பின் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபைக்கு அருகிலேயே குடியேறினார். எல்லாச் சமயத்தாரும் பல நாட்டு அறிஞரும் கூடும் அந்தச் சூழலில் ருக்மிணி வளர்ந்தார். தமையனார் ஸ்ரீராம் பிற்காலத்தில் அச்சபையின் அனைத்துலகத் தலைவராகப் பொறுப்பேற்றார்.

அச்சபையின் கல்விப் பணிகளில் முன்னின்றவர் ஆங்கிலேயரான ஜார்ஜ் சிட்னி அருண்டேல். காசியில் அன்னி பெசன்ட் அம்மையார் நிறுவிய மத்திய இந்துக் கல்லூரியின் முதல்வராக விளங்கியவர் அவர். 1920ஆம் ஆண்டு ருக்மிணி அவரை மணந்தார். அப்பொழுது மணமகளுக்கு வயது பதினாறு. மணமகனுக்கு நாற்பதுக்கு மேல். வயது வேறுபாடும் இன வேறுபாடும் சென்னை நகரில் பெரும் கொந்தளிப்பை எழுப்பின. உற்றாரும் மற்றாரும் தூற்றிய போதும் இளம்பெண் ருக்மிணி கலங்கவில்லை. சமூகத்தின் கண்டனத்தைத் தாங்கி நிற்கும் உறுதியைச் சிறு வயதிலேயே அவர் பெற்றுவிட்டார். பின்னாளில் ஆடல் மேடையேறியபோது அவ்வுறுதியே அவருக்குத் துணைநின்றது.

கடற்பயணத்தில் கிடைத்த வழி

கணவரோடு உலக நாடுகள் பலவற்றிற்கும் சென்றுவந்த அம்மையார், 1928ஆம் ஆண்டு பம்பாயில் உருசிய நாட்டு ஆடற்கலைஞர் அன்னா பாவ்லோவாவின் பாலே நடனத்தைக் கண்டு மெய்மறந்தார். பின்னர் ஆஸ்திரேலியா செல்லும் கப்பலில் இருவரும் சேர்ந்து பயணம் செய்யும் வாய்ப்பு அமைந்தது. பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் அம்மையார் பாலே பயின்றார். ஆனால், பாவ்லோவா அவருக்குக் காட்டிய வழி வேறு. தாய்நாட்டின் பழம்பெரும் ஆடல் மரபைத் தேடிக் கண்டறியுமாறு அவர் அறிவுறுத்தினார். தமிழ்ப்பெண் ஒருவர் தம் வீட்டுச் செல்வத்தை அறிந்துகொள்ள உருசியப் பெண்மணி ஒருவரின் சொல் தேவைப்பட்டது என்பது, அக்காலத்தில் அக்கலை எவ்வளவு புறக்கணிக்கப்பட்டிருந்தது என்பதைப் புலப்படுத்தும்.

முப்பதை நெருங்கும் வயதில் மாணவி

சதிர் என்றும் சின்ன மேளம் என்றும் அழைக்கப்பட்ட ஆடற்கலையை அந்நாளில் காத்துவந்தோர் கோயில் சார்ந்த கலைக்குடும்பத்துப் பெண்களும் அவர்களுக்குக் கற்பித்த நட்டுவனார்களும் ஆவர். சமூகச் சீர்திருத்தம் வேண்டியோர் அவ்வாட்டத்தையே ஒழிக்க வேண்டும் என்றனர். வழக்கறிஞர் இ.கிருஷ்ண ஐயர் போன்றோர் கலையைக் காக்க வேண்டும் என்று வாதிட்டனர். அவர் தாமே பெண்வேடம் பூண்டு ஆடியும் காட்டினார். இந்தப் போராட்டத்திற்கு நடுவே, 1933ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாடமியில் பந்தநல்லூர் மரபில் பயின்ற சகோதரியர் இருவரின் ஆடலை ருக்மிணி தேவி கண்டார். அன்றே அவர்தம் வாழ்வின் பாதை மாறியது.

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் மரபில் வந்த கௌரி அம்மாளிடம் அவர் ஆடலும் அபிநயமும் கற்கத் தொடங்கினார். அதன்பின் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களை நாடினார். அலாரிப்பு முதல் தில்லானா வரை கச்சேரி முறையை ஒழுங்குபடுத்திய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு எனும் தஞ்சை நால்வரின் வழிவந்த பேராசான் அவர். முப்பதை நெருங்கிய, மரபுக்கு வெளியே பிறந்த ஒரு பெண்ணை மாணவியாக ஏற்க முதலில் தயங்கிய அவர், பின்னர் மனமிசைந்து கற்பித்தார். ஐந்து அல்லது ஆறு வயதில் அரைமண்டியில் அமரத் தொடங்கும் கலை அது. இறுகிவிட்ட உடலை வளைத்து, நாள்தோறும் பல மணி நேரம் அடவு பயின்றார் அம்மையார். இளமையில் தமக்குக் கிட்டாததை அடுத்த தலைமுறைக்கு இளமையிலேயே கிட்டச் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தின் வித்து இங்குதான் விழுந்தது எனலாம்.

1935ஆம் ஆண்டின் இறுதியில் பிரம்மஞான சபையின் வைர விழாவில், அடையாற்று ஆலமரத்தின் அருகே அவர்தம் முதல் ஆடல் நிகழ்ந்தது. எதிர்த்தோர் பலர், தூற்றுவதற்கென்றே வந்தோரும் உண்டு. ஆடல் முடிந்தபோது அவையில் பலருடைய எண்ணம் மாறியிருந்தது. மேடையில் நடராசப் பெருமான் திருவுருவை வைத்தல், பக்கவாத்தியக்காரர்களை ஒருபுறமாக அமரச் செய்தல், கோயிற் சிற்பங்களைப் பார்த்து ஆடை அணிகளை வடிவமைத்தல் ஆகியவற்றை அவர் நிலைபெறச் செய்தார். இன்று எந்த அரங்கேற்றத்திலும் காணும் தோற்றம் பெரிதும் அவர் வகுத்ததே.

மரத்தடியில் முளைத்த கலைக்கூடம்

மேடைப் புகழோடு அம்மையார் நிறைவு கொள்ளவில்லை. 1936ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள், அடையாற்றில் கலைகளுக்கான அனைத்துலகக் கழகம் ஒன்றைக் கணவரின் துணையோடு நிறுவினார். மரத்தடியில், விரல்விட்டு எண்ணத்தக்க மாணவரோடு தொடங்கிய அக்கழகமே பின்னர் கலாக்ஷேத்திரா எனப் பெயர் பெற்றது.

அதுவரை ஆடலும் இசையும் ஆசான் வீட்டில், பரம்பரையாகக் கற்பிக்கப்பட்டு வந்தன. அந்த ஆசான்களையே கல்விக்கூடத்திற்கு அழைத்து வந்தார் அம்மையார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவர்தம் மருமகனார் சொக்கலிங்கம் பிள்ளையும் ஆடல் கற்பித்தனர். டைகர் வரதாச்சாரியார், காரைக்குடி சாம்பசிவ ஐயர், பாபநாசம் சிவன், மைசூர் வாசுதேவாச்சாரியார் போன்ற இசை மேதைகள் அங்கே பணியாற்றினர். கேரளத்திலிருந்து அம்பு பணிக்கரும் சந்து பணிக்கரும் வந்து கதகளி பயிற்றுவித்தனர். இத்தனை பேராசான்களை ஒரே வளாகத்தில் காணும் பேறு அக்கால மாணவர்க்கு வாய்த்தது.

நாட்டின் பிற பகுதிகளிலும் இத்தகைய முயற்சிகள் நிகழ்ந்தன. இரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனில் மணிப்புரி ஆடலைக் கல்வியோடு சேர்த்தார். மகாகவி வள்ளத்தோள் 1930ஆம் ஆண்டு கேரள கலாமண்டலத்தைத் தோற்றுவித்தார். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1926ஆம் ஆண்டிலேயே ஆடல் ஒரு பட்டப் படிப்பாயிற்று. ஆடலும் அறிவுத்துறையே என்னும் எண்ணம் உலகெங்கும் அரும்பிய காலம் அது. தமிழ் மண்ணில் அதற்கு உருக்கொடுத்தவர் ருக்மிணி தேவி.

பள்ளியோடு இணைந்த ஆடல்

அம்மையாரின் பணியில் தனிச்சிறப்பு வாய்ந்தது, கலைக்கூடத்தையும் பள்ளிக்கூடத்தையும் அருகருகே வைத்தமையாகும். அன்னி பெசன்ட் அம்மையாரின் நினைவாக 1934ஆம் ஆண்டு அடையாற்றில் பெசன்ட் பள்ளி தொடங்கப்பெற்றது. அதன் தலைமையாசிரியர் சங்கர மேனன் பின்னாளில் கலாக்ஷேத்திராவின் தூணாகவும் விளங்கினார். 1939ஆம் ஆண்டு அருண்டேல் தம்பதியர் அழைப்பின் பேரில் இத்தாலியக் கல்வியறிஞர் மரியா மாண்டிசோரி அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். குழந்தை கையாலும் மெய்யாலும் கற்கிறது என்னும் அவர்தம் கல்வி நெறியும், ஆடலைக் கல்வியாகக் கண்ட அம்மையாரின் உள்ளமும் ஒரே வளாகத்தில் சந்தித்தன. இன்று கலாக்ஷேத்திரா வளாகத்தில் பெசன்ட் அருண்டேல் மேல்நிலைப்பள்ளியும் இயங்கி வருகின்றது.

இவ்வமைப்பில் வளர்ந்தோர் பலர். கேரளத்துப் பையனூரிலிருந்து வி.பி.தனஞ்சயன் 1953ஆம் ஆண்டு, பதினான்கு வயதுச் சிறுவனாக வந்து சேர்ந்தார். ஆண்மகனும் ஆடலாம் என்பதற்குச் சான்றாக உயர்ந்தார். லீலா சாம்சன் சிறுமியாக வந்து பெசன்ட் பள்ளியில் பாடமும் கலாக்ஷேத்திராவில் ஆடலும் ஒருங்கே பயின்று, பின்னர் அந்நிறுவனத்தின் இயக்குநராகவே பொறுப்பேற்றார். புகழ்பெற்ற யாமினி கிருஷ்ணமூர்த்தியும் அங்கே பயின்றவரே.

அங்கே மாணவரின் நாள், ஆலமரத்தடியில் எல்லாச் சமய வழிபாடுகளோடும் தொடங்கும். பின்னர் அடவு வகுப்பு. தட்டடவு, நாட்டடவு என்று எளிதிலிருந்து அரிதிற்கு ஏறும் ஒழுங்குமுறை ஒன்று அங்கே வகுக்கப்பட்டது. பலர் ஒரே வகுப்பில் ஒருசேரக் கற்க அதுவே வழி செய்தது. ஆடல் மாணவர் வாய்ப்பாட்டும் கற்க வேண்டும். தாளக் கணக்கு அறிய வேண்டும். பரதரின் நாட்டிய சாத்திரமும் அபிநய தர்ப்பணமும் கூறும் இலக்கணத்தை உணர வேண்டும். பாடல்களின் மொழியையும் பொருளையும் தெளிய வேண்டும். ஒரு பதத்திற்கு அபிநயம் பிடிக்கும் மாணவி, அப்பாடலின் தலைவி ஏன் வருந்துகிறாள் என்பதைத் தானே எண்ணிப் பார்த்தாக வேண்டும். எண்ணிப் பார்க்கும் இடத்தில் படைப்பு பிறக்கின்றது.

கற்றலிலிருந்து படைத்தலுக்கு

சில ஆண்டுகளில் சொக்கலிங்கம் பிள்ளை கலாக்ஷேத்திராவை விட்டுச் சென்றார். நட்டுவாங்கம் பரம்பரை நட்டுவனார்க்கே உரியது என்றிருந்த காலம். இனி இக்கூடம் நடவாது என்று பலர் கருதினர். அம்மையாரோ தாமும் தம்மிடம் பயின்றோரும் தட்டுக்கழி ஏந்தி வகுப்பையும் மேடையையும் நடத்தத் துணிந்தார். பெண்களின் கையில் தாளக்கட்டை ஏறியதும் அத்துணிவின் பயனே.

1944ஆம் ஆண்டு, திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அரங்கேற்றினார். குமார சம்பவம், கீத கோவிந்தம், சாகுந்தலம், கண்ணப்பர் குறவஞ்சி என இருபதுக்கும் மேற்பட்ட நாட்டிய நாடகங்கள் தொடர்ந்தன. இராமாயணத்தை ஆறு பகுதிகளாகப் படைத்தது அவர்தம் பெருஞ்சாதனை. 1955ஆம் ஆண்டு சீதா சுயம்வரத்தில் தொடங்கிய அப்பணி 1970ஆம் ஆண்டு மகா பட்டாபிஷேகத்தில் நிறைவுற்றது. தனியொருவர் ஆடிய கலையில் இராமனும் அனுமனும் சபரியும் சடாயுவும் தனித்தனி மாந்தராய் உயிர்பெற்றனர். மாணவர்களே பாத்திரங்களாயினர். முதல் வரிசையில் நிற்பவர் ஒருநாள் பின்வரிசைக்கும் செல்வார். அரசியாக நடித்தவர் மறுநாள் தோழியாவார். ஒற்றுமையும் பொறுமையும் பாடநூலில் இல்லாத பாடங்களாக அங்கே கற்பிக்கப்பட்டன.

மாறுபட்ட குரல்களும் உண்டு

அம்மையாரின் மாற்றங்களை அனைவரும் ஏற்றனர் என்பதற்கில்லை. சிருங்காரச் சுவை மிகுந்த சிலவற்றை விலக்கிப் பக்திச் சுவைக்கு அவர் முதன்மை தந்தார். கலைக்குடும்பத்தில் பிறந்த மாமேதை தஞ்சாவூர் பாலசரஸ்வதி அம்மையார் இதனை ஏற்கவில்லை. சிருங்காரமே ஆடலின் உயிர், அதுவே இறைவனை நாடும் வழி என்பது அவர்தம் கொள்கை. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் 1947ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் வந்தது. பெண்களின் நலங்கருதி வந்த அச்சட்டத்திற்குப் பின், பல தலைமுறைகளாகக் கலையைக் காத்த குடும்பத்துப் பெண்கள் பலர் மேடையிலிருந்து விலகிப்போக நேர்ந்தது. புதிய வகுப்பறைகள் நிறைந்தபோது பழைய இல்லங்கள் வெறுமையாயின.

இவ்வுண்மையை மறத்தல் நன்றியன்று. கௌரி அம்மாளும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் வாரி வழங்கியிராவிடில் ருக்மிணி தேவி கற்றிருக்க முடியாது, கலாக்ஷேத்திராவும் தோன்றியிராது. இன்று சலங்கை கட்டும் ஒவ்வொரு பிள்ளையும் அந்த ஆசான்களுக்கும் கடன்பட்டவரே.

பிற தொண்டுகள்

1945ஆம் ஆண்டு கணவரை இழந்தபின், நிறுவனத்தின் முழுச் சுமையையும் அம்மையாரே தாங்கினார். பிரம்மஞான சபை வளாகத்திலிருந்து பிரிந்து, திருவான்மியூர்க் கடற்கரையை ஒட்டிய ஏறத்தாழ நூறு ஏக்கர் மணல்வெளியில் மரங்களை வளர்த்து, குடில் போன்ற வகுப்பறைகளை எழுப்பிப் புதிய வளாகத்தை உருவாக்கினார். கேரளக் கூத்தம்பல அமைப்பில் அரங்கமும் அங்கே எழுந்தது. கைத்தறி நெசவும் கலம்காரி ஓவியமும் அவ்வளாகத்தில் மறுவாழ்வு பெற்றன. தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாத ஐயர் மறைந்தபின், அவர் தேடித் தொகுத்த ஏடுகளையும் நூல்களையும் காக்க 1943ஆம் ஆண்டு நூல்நிலையம் அமைந்ததிலும் அம்மையாரின் பங்கு பெரிது. தமிழுலகம் என்றும் நினைக்கத்தக்க தொண்டு இது.

1952ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்ற மேலவைக்கு நியமிக்கப்பெற்ற அம்மையார், வாயில்லா உயிர்களுக்காகக் குரல் கொடுத்தார். அவர்தம் முயற்சியின் பயனாக 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1956ஆம் ஆண்டு பத்மபூஷண் விருது பெற்றார். 1977ஆம் ஆண்டு பிரதமர் மொரார்ஜி தேசாய் அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு முன்மொழிய விரும்பியபோது, அதனை அவர் ஏற்கவில்லை. நாட்டின் முதற்பெரும் பதவியைக் காட்டிலும் ஆலமரத்தடி வகுப்பு அவருக்கு உயர்ந்ததாக இருந்தது.

1986ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் அம்மையார் மறைந்தார். 1993ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டம் கலாக்ஷேத்திராவை நாட்டு முதன்மை வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது.

மலேசிய மண்ணிலும் அதன் பயன்

அம்மையார் நட்ட விதை கடல் கடந்தும் முளைத்துள்ளது. இலங்கையில் பிறந்து கலாக்ஷேத்திராவில் பயின்ற நீலா சத்தியலிங்கம் அம்மையார், 1977ஆம் ஆண்டு சிங்கப்பூரில் அப்சரஸ் ஆர்ட்ஸ் எனும் அமைப்பை நிறுவிப் பல தலைமுறையினரை உருவாக்கினார். மலேசியாவிலும் கலாக்ஷேத்திரா பாணியில் ஆடல் பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள் உள்ளனர். இந்தியாவின் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், பதினோராம் பன்னிரண்டாம் வகுப்புகளில் பரதநாட்டியத்தை ஏட்டுத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உடைய விருப்பப் பாடமாக வைத்துள்ளது. மலேசியாவில் 2007ஆம் ஆண்டு முதல் இடைநிலைக் கலைப்பள்ளிகள் இயங்கி வருகின்றன. கோலாலம்பூரில் 1994ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று இன்று அஸ்வாரா என வழங்கும் தேசியக் கலைக் கழகத்தில், மலாய், சீன ஆடல்களோடு பரதமும் பயிலப்படுகின்றது. ஆடல் கல்வியாகாது என்று சொல்லும் காலம் சென்றுவிட்டது.

ஆயினும், இல்லங்களில் ஒரு வழக்கம் இன்னும் மாறவில்லை. ஆறு வயதில் பெருமையோடு ஆடல் வகுப்பிற்கு அனுப்பப்படும் பிள்ளை, படிவம் நான்கை எட்டியதும் நிறுத்தப்படுகின்றாள். எஸ்.பி.எம். தேர்வு நெருங்குகிறது என்பதே பெற்றோர் கூறும் காரணம். அவர்தம் கவலை பொய்யன்று. ரப்பர்த் தோட்டத்திலும் ஈயச் சுரங்கத்திலும் உழைத்த பெற்றோரின் பிள்ளைகளைக் கரையேற்றியது கல்வியே. ஆனால், அடவு மட்டும் அறிந்த பிள்ளை, பாடலின் பொருளை உணர்ந்து தானாகப் படைக்கத் தொடங்கும் பருவமும் அந்தப் பதினாறு, பதினேழு வயதுதான். பத்தாண்டுகள் நீரூற்றி வளர்த்த மரத்தைப் பூக்கும் பருவத்தில் வெட்டுவதை ஒக்கும் அச்செயல். வாரத்தில் ஓரிரு மணி நேரமேனும் வகுப்பு தொடருமாயின், தேர்வும் கெடாது, கலையும் அறுபடாது.

லகாட், ஈப்போ வட்டாரங்களில் தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. அத்தோட்டக் கோயில்களில் கும்மியும் கோலாட்டமும் ஆடிய தலைமுறையும் முதுமை எய்திவிட்டது. அவர்களுக்கு ஆடலைக் கற்பிக்கப் பள்ளி இருந்ததில்லை. கோயில் முற்றமே இருந்தது. அவர்தம் பேரப் பிள்ளைகளுக்கு இன்று வகுப்பும் உண்டு, ஆசிரியரும் உண்டு, மேடை அமைத்துத் தரும் ஆலயமும் உண்டு. பெற்றோரின் மனமும் அவற்றோடு சேருமாயின், ருக்மிணி தேவி அம்மையார் காட்டிய நெறி இம்மண்ணில் தழைக்கும். அம்பலக்கூத்தன் திருவருள் அதற்குத் துணைநிற்பதாக.